பெட்டியில் ‘1 எம்எஸ்’ என்று போட்டிருந்ததாம்

இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது. தெர்மாகோல் கூடக் கசங்காத மானிட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் சர்வீஸுக்கு வந்தான். “அண்ணா, பேனல் போயிடுச்சு. இருட்டான இடத்துல ஆள் ஓடினா பின்னாடி கருப்பா புகை மாதிரி இழுக்குது. வெளிச்சமான இடத்துல வெள்ளையா ஒரு கோடு கூடவே ஒட்டிக்கிட்டு வருது.” வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. 27 அங்குலம், வளைந்த திரை, 165 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 165 முறை திரை படத்தைப் புதுப்பிக்கும்), விலை குறைவு. அவன் சொன்ன வரிசை அதுதான்.

அவனுடைய சிபியுவோடு மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். பேனலுக்கு, அதாவது படம் காட்டும் திரைத் தகட்டுக்கு, ஒன்றும் ஆகவில்லை. மானிட்டரின் மெனுவைத் திறந்தால், பிக்சலை (திரைப் புள்ளியை) வேகமாக நிறம் மாற்றவைக்கும் ஓவர்டிரைவ் உச்சத்தில் இருந்தது. ஏன் இப்படி வைத்தாய் என்று கேட்டேன். “பெட்டியில 1 எம்எஸ்னு போட்டிருந்துச்சு. இதுல வெச்சாத்தான் அது வரும்னு வீடியோல சொன்னாங்கண்ணா.” இரண்டு படி இறக்கினேன், வெள்ளைக் கோடு போய்விட்டது. கருப்புப் புகை போகவில்லை. அது போகவும் போகாது, விஏ என்ற அந்த வகைப் பேனலின் பிறவிக் குணம் அது. அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தேன்.

60 ஹெர்ட்ஸ்.

165-க்குப் பணம் கொடுத்துவிட்டுப் பத்து நாளாக 60-ல் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். பையனைத் திட்டி என்ன பயன்? என் கோபமெல்லாம் அந்த ‘1 எம்எஸ்’ ஸ்டிக்கர் மேல்தான். ரெஸ்பான்ஸ் டைம் ஒரு மில்லிசெகண்ட், அதாவது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அது சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் மற்ற எதையும் பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள். ஆகவே அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

ரெஸ்பான்ஸ் டைம் என்பது, ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம். ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான மாற்றங்கள் இதில் உண்டு: 256 படிகளில் எந்தப் படியிலிருந்தும் எந்தப் படிக்கும் போகலாம். எல்லா மாற்றத்துக்கும் ஒரே நேரம் ஆகாது. நடுத்தரச் சாம்பலில் சட்டென்று மாறும் பிக்சல், கரும் நிறத்திலிருந்து சற்றே வெளிறிய கரும் நிறத்துக்குப் போக முக்கி முனகும். பெட்டியில் அச்சடிப்பது இதில் மிக வேகமான ஒன்றை. அதையும் முழுதாக அளப்பதில்லை. மாற்றத்தின் முதல் பத்து சதவீதத்தையும் கடைசிப் பத்து சதவீதத்தையும் வெட்டிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் அளப்பது தொழிலில் நெடுநாள் வழக்கம். அதுவும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்துக்கொண்டு!

ஓவர்டிரைவ் என்றால் பிக்சலுக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்துத் தள்ளுவது. அளவாகத் தள்ளினால் நல்லது. அளவுக்கு மீறினால், நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றுவிட்டு மெல்லப் பின்னால் வரும் பஸ்ஸைப் போல, பிக்சல் போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். பையன் பார்த்த வெள்ளைக் கோடு அதுதான். 1 எம்எஸ் கிடைக்கும் அதே செட்டிங்கில்தான் படம் மிக மோசமாக இருக்கும். இதை எந்த ஸ்டிக்கரும் சொல்லாது.

இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. 1 எம்எஸ் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘எம்பிஆர்டி’ என்று போட்டிருப்பார்கள். இது பிக்சலின் வேகமே இல்லை. ஒரு படம் கண்ணுக்கு எவ்வளவு நேரம் தெரிகிறது என்ற கணக்கு. பின்னால் இருக்கும் விளக்கை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (தனிப் படத்துக்கும்) ஒரு கணம் மட்டும் எரியவிட்டு அணைத்தால் இந்த எண் வந்துவிடும். திரை மங்கும், சிலருக்குக் கண் வலிக்கும், பெரும்பாலான மானிட்டர்களில் ஃப்ரீசிங்க்கும் (கார்டு தரும் ஃபிரேமுக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் வசதி) அணைந்துவிடும். ஒரே ‘1’, இரண்டு வேறு விஷயங்கள்.

“4 எம்எஸ் மானிட்டர்ல 3 எம்எஸ் லேட்டா சுடுவோம் இல்லையா சார்?” இதை எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள் தெரியுமா? இல்லை. நீங்கள் மவுஸை அழுத்தியது திரைக்கு வர ஆகும் தாமதம் இன்புட் லேக். அது வேறு கணக்கு, பெட்டியில் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. ரெஸ்பான்ஸ் டைம் சொல்வது, அசையும் உருவம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை மட்டும்.

பிறகு எதைப் பார்ப்பது? 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் திரையில் நிற்கும் நேரம் சுமார் 6.9 மில்லிசெகண்ட். அதற்குள் பெரும்பாலான பிக்சல்கள் நிறம் மாறி முடித்துவிட்டால் போதும். ஐபிஎஸ், விஏ, டிஎன் என்பவை பேனலின் வகைகள். யோக்கியமாக 5 எம்எஸ்ஸில் மாறும் ஐபிஎஸ் பேனல், இருட்டுக் காட்சிகளில் 20 எம்எஸ்ஸைத் தாண்டித் தடுமாறும் ‘1 எம்எஸ்’ விஏ பேனலைவிட எவ்வளவோ மேல். இந்த வித்தியாசம் பெட்டியில் தெரியாது. அளந்து பார்த்து எழுதும் விமர்சனங்களில் தெரியும். மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், இரண்டு படித்துவிட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரித்துக் காட்டி முடித்துவிடும் வீடியோ இந்தக் கணக்கில் சேராது.

விஏ மோசம் என்று சொல்லவில்லை. அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000:1 அளவில் இருக்கும். ஐபிஎஸ்ஸில் சாதாரணமாக 1000:1. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கதை விளையாட்டு ஆடுபவருக்கும் படம் பார்ப்பவருக்கும் விஏவின் கருப்பு அழகு. ஓடிக்கொண்டே சுடும் ஆட்டம் என்றால் ஐபிஎஸ். டிஎன் பேனல் வேகமானதுதான், ஆனால் கொஞ்சம் குனிந்து பார்த்தாலே நிறம் மாறும்; அதே விலைக்கு ஐபிஎஸ் கிடைக்கும்போது அதன் பக்கம் போக வேண்டாம். கான்ட்ராஸ்ட் என்ற இடத்தில் கோடிக்கணக்கில் ஓர் எண் இருந்தால் அது விளக்கை ஏற்றி இறக்கிப் போடும் டைனமிக் கணக்கு, கண்டுகொள்ளாதீர்கள். திரை காட்டும் நிறங்களின் பரப்பை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற அளவுகோல்களில் சொல்வார்கள். அது ‘45% என்டிஎஸ்சி’ என்று இருந்தால் படம் வெளுத்துத் தெரியும். 72% என்டிஎஸ்சி அல்லது 99% எஸ்ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, ஹெர்ட்ஸுக்கு வருவோம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கிறது. 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சம். அங்கிருந்து 240-க்குத் தாவினால் மேலும் மிச்சமாவது 2.8 தான். குறைந்த செலவில் வாங்குபவர் 144-லேயே நின்றுகொள்ளலாம். 165, 180 என்பதெல்லாம் அதே விலைக்கு வந்தால் வரட்டும், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மானிட்டர் எஃப்பிஎஸ்ஸை (வினாடிக்கு வரும் ஃபிரேம்களை) உற்பத்தி செய்வதில்லை. உங்கள் கிராபிக்ஸ் கார்டு 50 ஃபிரேம் தந்தால், எத்தனை ஹெர்ட்ஸ் திரையிலும் 50 தான். வாங்குவதற்கு முன் நீங்கள் அதிகம் ஆடும் ஆட்டத்தில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்று ஒரு மாலை முழுக்கக் கவனியுங்கள். செலவில்லாத வேலை. யாரும் செய்வதில்லை.

அளவு விஷயத்திலும் இதே கதைதான். 24 அங்குலத்தில் 1080பி (1920×1080 பிக்சல்) என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதே 1080பியை 27 அங்குலத்தில் இழுத்துக் கட்டினால் 82. எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், “தெளிவா இல்லை சார்” என்று என்னிடம் வருவார்கள். நான் என்ன செய்ய, பிக்சலைத் தைக்கவா முடியும்? 27 வேண்டுமென்றால் 1440பி (2560×1440 பிக்சல்) வாங்குங்கள். ஆனால் அப்போது கார்டு வரைய வேண்டிய பிக்சல்கள் 20.7 லட்சத்திலிருந்து 36.9 லட்சமாக ஏறும். பழைய கார்டு மூச்சு வாங்கும். சுமாரான கார்டு வைத்திருப்பவருக்கு 24 அங்குலம், 1080பி, 144 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ். பலருக்கு இதையே சொல்கிறேன், திரும்பி வந்து குறை சொன்னவர் குறைவு.

இப்போது கேபிள். கெஞ்சிக் கேட்கிறேன், இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட் இருந்தால் பல மானிட்டர்களில் அது 1080பிக்கு 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 2.0 இருந்தால் 1440பியிலும் 144 வரும். டிஸ்ப்ளே போர்ட் 1.2-வும் அதற்குத் தாராளமாகப் போதும். விலை குறைந்த பல மானிட்டர்களில் முழு வேகம் டிஸ்ப்ளே போர்ட்டில் மட்டும் இருக்கும். பெட்டிக்குள் ஹெச்டிஎம்ஐ கேபிளை மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். என்ன நியாயமோ! கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. சிரிக்காதீர்கள், கார்டு சும்மா இருக்க மதர்போர்டு போர்ட்டில் செருகி ஒரு வருடம் விளையாடியவரைப் பார்த்திருக்கிறேன். பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ஹெர்ட்ஸை நீங்களேதான் மாற்ற வேண்டும். பல சமயம் அது தானாக 60-ல்தான் உட்கார்ந்திருக்கும்.

ஃப்ரீசிங்க் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த எல்லைக்குள் என்று பாருங்கள். 48 முதல் 144 வரை என்றால், ஆட்டம் 40 ஃபிரேமுக்கு இறங்கினாலும் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டி 80-ல் ஓட்டிச் சமாளிக்கும். 48 முதல் 75 வரை மட்டும் என்றால் அந்த வித்தைக்கு இடமில்லை. 48-க்குக் கீழே போனதும் படம் கிழியும், இல்லையென்றால் திக்கும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் ஜி-சிங்க் (என்விடியாவின் இதே மாதிரி வசதி) முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளும் அதற்குப் பின் வந்தவையும் 2019 ஜனவரி முதல் டிஸ்ப்ளே போர்ட் வழியாக ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு ஒத்துப்போகின்றன. பிளேஸ்டேஷன் 5-க்கு வாங்குவோர் கவனிக்க: அதற்கு ஹெச்டிஎம்ஐ 2.1-ன் விஆர்ஆர் என்ற, திரை வேகத்தை மாற்றும் வசதிதான் வேண்டும், ஃப்ரீசிங்க்கை அது கண்டுகொள்ளாது.

வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் அழுத்தமாகக் காட்டும் ஹெச்டிஆர்? இந்த விலையில் மறந்துவிடுங்கள். ‘ஹெச்டிஆர் 10 சப்போர்ட்’ என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பு 2017-ல் கொண்டுவந்த சான்றிதழில் கீழ்ப்படியான ‘டிஸ்ப்ளே ஹெச்டிஆர் 400’ கூட 400 நிட்ஸ் உச்ச வெளிச்சம் கேட்கிறதே தவிர, திரையைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதியைக் கட்டாயமாக்கவில்லை. போட்டால் படம் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிடுகிறது என்று புகார் வரும். அணைத்து வையுங்கள்.

வாங்கிய முதல் நாளே செய்ய வேண்டியவை. திரை முழுக்கக் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்து டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் உத்தரவாதத்தில் மாற்றித் தர மறுக்கும் நிறுவனங்கள் நிறைய. ஆனால் திருப்பித் தரும் காலக்கெடு முடியாதவரை பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கெடு முடிந்த மறுநாள் என்னிடம் வராதீர்கள், என்னால் ஆறுதல்தான் சொல்ல முடியும். பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள். திரை மேல் நேராக எதையும் தெளிக்காதீர்கள், கண்ணாடி துடைக்கும் திரவம் கூடவே கூடாது. லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணி போதும். அதையும் அழுத்தாமல்.

அந்தப் பையனுக்கு நான்கு நாள் கெடு மிச்சமிருந்தது. 144-லேயே ஓடும் கார்டுதான், ஆடுவதும் பெரும்பாலும் சுடும் ஆட்டம். திருப்பிக் கொடுத்துவிட்டு 24 அங்குல ஐபிஎஸ் வாங்கிக்கொள் என்றேன். “வளைஞ்சது இருக்கா அதுல?” என்று கேட்டான். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. பெட்டியில் வைக்கும்போது விரலைத் திரை நடுவில் ஊன்றித் தூக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன். இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பேனலில் விரிசல் விழுந்தால் அதை மாற்றுவதற்குப் புது மானிட்டரே வாங்கிவிடலாம்.