சீக்வென்சர்: தொடரியா, வரிசையாக்கியா?

வின்ஸ் கிளார்க்கும் மார்ட்டின் கோரும் இங்கிலாந்தின் பாசில்டன் ஊர்க்காரர்கள். நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய டிபெஷ் மோட் இசைக்குழுவிலிருந்து 1981-இல் கிளார்க் விலகிவிட்டார். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து இருவரும் வி.சி.எம்.ஜி. என்ற பெயரில் மறுபடி சேர்ந்து, பாடலே இல்லாத டெக்னோ (மின்னணு நடன இசை) ஆல்பம் ஒன்றைச் செய்தார்கள். 2012-இல் மியூட் நிறுவனம் அதை வெளியிட்டது. கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பி அனுப்பியே உருவான இசை அது. இந்த வகை இசைக்கு முதுகெலும்பு சீக்வென்சர்.

சுரங்களையோ தட்டுகளையோ சம அளவுள்ள கட்டங்களில் முன்கூட்டியே அடுக்கிவைத்தால், அதே ஒழுங்கில் திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டும் கருவி இது. தானாக ஒலி எழுப்பாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்று, மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசருக்குச் சொல்வதோடு சரி. ட்ரம் மெஷின் என்னும் மின்னணுத் தாளக் கருவிக்குள் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

'பின்தொடர்' என்னும் பொருள்கொண்ட 'செக்குயி' என்ற இலத்தீன் வினைதான் வேர். அதிலிருந்து வந்த 'செக்குவென்ஷியா', இடைக்காலத் தேவாலயத்தில் அல்லேலூயாவுக்கு அடுத்துப் பாடப்படும் பாட்டைக் குறித்தது. ஆக, சொல் ஏற்கெனவே இசைக்குள் புழங்கியதுதான்.

தமிழில் என்ன சொல்வது? வேரைப் பார்த்து 'தொடரி' என்று சொல்லத் தோன்றும். அதை ரயிலுக்குக் கொடுத்தாயிற்று. அதைவிட, ஒன்றையடுத்து ஒன்று வருவது மட்டுமல்ல இங்கே விஷயம், கட்டம்கட்டமாக அடுக்குவதுதான். அதற்கு நம் இசையில் பழகிய சொல் இருக்கிறது: வரிசை. சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று முதல் பாடமே அதில்தான் தொடங்குகிறது. எனவே சீக்வென்ஸ் வரிசை, ஸ்டெப் கட்டம், சீக்வென்சர் வரிசையாக்கி. ட்ரம்முக்கும் பொருந்துவதால் 'சுரவரிசையாக்கி' என்று நீட்ட வேண்டியதில்லை.

பொருத்தம் சொல்லோடு நிற்கவில்லை. 1960களில் மூக் நிறுவனம் செய்த 960 என்ற சீக்வென்சரில் வரிசைக்கு எட்டுக் கட்டம். எந்தச் சுரம் என்பதை மின்னழுத்தத்தால் சொல்லும் கருவி அது. ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்பது வழக்கம் என்பதால் அரைச்சுரத்துக்கு 0.083 வோல்ட். அந்த முதல் பாடத்தின் ராகமான மாயாமாளவகௌளையின் ஆரோகணத்தை வைக்க ஸ 0, ரி 0.083, க 0.333, ம 0.417, ப 0.583, த 0.667, நி 0.917, மேல் ஸ 1 வோல்ட் என்று குமிழ்களைத் திருப்பினால் போதும். கமகம் மட்டும் வராது. கட்டத்துக்கு ஒரே மின்னழுத்தம்தான்.

இதே அளவை கோர்க் நிறுவனத்தின் எம்.எஸ்.-20 சிந்தசைசருக்கு அனுப்பினால் இடைவெளிகள் கோணலாகும். அது ஹெர்ட்ஸ்/வோல்ட் முறை: ஒரு ஸ்தாயி ஏற மின்னழுத்தம் இரட்டிப்பாக வேண்டும். பழைய அனலாக் சிந்தசைசரைப் போட்ட உடனே சுருதி சேர்த்தாலும், சூடேறியதும் விலகும்; அரை மணி நேரம் ஓடவிட்டுச் சேர்க்க வேண்டும். சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் 'கேட்' குறியின் நீளம் கட்டம் முழுவதும் இருந்தால் அடுத்த சுரம் புதிதாகத் தாக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு கருவிகளை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் பழைய சின்க் கம்பியிலும் வம்பு உண்டு: ரோலண்ட் நிறுவனக் கருவிகளுக்கு ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு, கோர்க்குக்கு 48. ரோலண்டின் துடிப்பைக் கேட்டு ஓடும் கோர்க் பாதி வேகத்தில் நகரும்.

125 பி.பி.எம். (நிமிடத்துக்கு 125 பீட்) வேகத்தில் ஒரு பீட் 480 மில்லி செகண்ட், நாலு பீட்டைப் பதினாறாகப் பிரிக்கும் வரிசையில் ஒரு கட்டம் 120. தூரத்திலிருக்கும் நண்பருக்குக் கோப்பு அனுப்பும்போது இந்த பி.பி.எம்.மையும், ஒலியை செகண்டுக்கு எத்தனை முறை அளந்து பதிந்தீர்கள் என்ற சாம்பிள் ரேட்டையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். எல்லா ட்ராக்கையும், நடுவில்தான் ஒலி வந்தாலும், பாட்டின் முதல் பாரிலிருந்தே (முதல் தாளச் சுற்றிலிருந்தே) கோப்பாக எடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை மாற்றாமல் 48-இல் ஓட்டினால் 125 என்பது 136 ஆகும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். அப்போது வரிசையைக் கலைத்துத் திருத்த உட்கார வேண்டாம். முதலில் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள்.