குதிகாலுக்கு மேலே ஒரு நாண்

காவலர் தேர்வுக்குத் தயாராகும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். ஆனால் 100 மீட்டர் நேரம் குறையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?"

நெடுந்தூர ஓட்டம் இதயத்தையும் மூச்சையும் வளர்க்கும், சரி. 100 மீட்டரில் விஷயம் வேறு: பாதம் தரையில் படும் அந்தத் துளி நேரம்.

வேகமாக ஓடுபவர் காலை வேகமாக வீசுகிறார் என்றுதான் நினைப்போம். 2000-இல் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வேயண்ட் குழுவினர் 33 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தார்கள். உச்ச வேகத்தில் காலை முன்னே கொண்டுவர எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆனது. வேகமானவர்கள் தரையை ஓங்கி உதைத்தார்கள், அவ்வளவுதான்.

உதைக்க முன்னணி வீரருக்குக் கிடைப்பது சுமார் 0.1 விநாடி. தசை தன் முழு பலத்தைத் திரட்ட அது போதாது. பிறகு எப்படி?

கணுக்காலுக்குப் பின்னால், குதிகாலுக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல விறைப்பாகத் தட்டுப்படும். ஊரில் குதிகால் நரம்பு என்போம். அது நரம்பல்ல, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் தசைநாண். பாதம் ஊன்றும்போது தசை நீளாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது; உடலின் பாரத்தில் நாண் நீள்கிறது. அடுத்த கணம் சுருங்கி, வாங்கிய ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பிக் கொடுக்கிறது. சுட்டுவிரலால் மேசையைத் தட்டிப் பாருங்கள். அப்புறம் அதே விரலை மறு கையால் பின்னுக்கு இழுத்து விடுங்கள். எந்த அடி பலம்? நாண் என்றால் வில்லின் கயிறு. பெயர் வைத்தவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டி ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. உள்ளேயே இருக்கும் கயிற்றைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லையே!

இந்த நாணைப் பழக்கும் வழியைச் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி முறைப்படுத்தினார்: பெட்டியிலிருந்து இறங்கி, பாதம் பட்டவுடன் மேலே எம்புவது. தொடக்கத்துக்கு அது வேண்டாம். ஸ்கிப்பிங் கயிறும் நொண்டியும் போதும். சுடுமணலில் கால் வைத்தவர் எடுப்பது போல, பட்டதும் எடுக்க வேண்டும்.

அதோடு வாரம் இரண்டு நாள், முழு வேகத்தில் 30 மீட்டர், ஐந்தாறு முறை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே மூன்று நிமிடம் ஓய்வு. களைத்த காலோடு ஓடினால் பாதம் தரையில் அதிக நேரம் தங்கும். உடம்பு அந்த மந்தத்தையே பழகிக்கொள்ளும். வாந்தி வரும்வரை ஓடவிட்ட பி.டி. மாஸ்டரிடம்தான் நானும் படித்தேன். அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். பாதத்தின் விசையை அளக்கும் கருவி மாவட்டத்துக்கு ஒன்று வாங்க அரசு பணம் ஒதுக்கினால், களைத்த கால் எப்படி மந்தமாகிறது என்று பயிற்சியாளர்களே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஒன்று மட்டும் கவனம், தம்பி. நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தசை சில வாரங்களில் தேறும். நாண் தேற மாதங்கள் ஆகும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடியிலேயே அந்த இடம் பிடித்தால், அன்று துள்ள வேண்டாம். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள்.