மிரர்லெஸ்: ஆடியிலி என்போம், கண்ணாடியை விடுவோம்

மிரர்லெஸ் கமராவுக்குத் தமிழென்று போடுகிற ‘கண்ணாடியில்லாத கேமரா’ என்ற சொற்றொடரை இனியும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது. விற்பனை விளம்பரங்களில் இருக்கிறது, காணொளிகளின் தலைப்பில் இருக்கிறது, போதாததற்கு வில்லைகளை (லென்ஸ்களை) ஒப்பிட்டு எழுதிய ஒரு தமிழாக்கக் கட்டுரையில் ‘உங்கள் கண்ணாடியில்லாத கேமராவிற்கு எந்தக் கண்ணாடி சிறந்தது?’ என்றே கேட்டிருந்தார்கள். எழுதியவர் அதைத் திருப்பி ஒருமுறை வாசித்திருந்தால்கூட கை நின்றிருக்கும். வாசிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? கண்ணாடி இல்லாத ஒன்றுக்குக் கண்ணாடி தேடுகிறார்கள் என்றுதானே?

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்.எல்.ஆர். எனப்படும், ஆடி வைத்த வகைக் கமராவில் வில்லைக்குப் பின்னால், ஒளியைப் படமாக்கும் உணரிக்கு (சென்சருக்கு) முன்னால், 45 பாகையில் சாய்ந்தபடி ஒரு தளவாடி, அதாவது தட்டையான ஆடி (மிரர்), நிற்கும். வில்லைக்குள்ளால் வருகிற ஒளியை அது மேலே தெறிக்கவிட, மேலே இருக்கும் அரியம் (பிரிசம்) அந்த உருவத்தின் இடவலத்தைச் சரிசெய்து கண்ணுக்குக் கொண்டுவரும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழும்பி வழிவிடும், அந்தக் கணத்தில் பார்வைத் துளை இருண்டுபோகும், படம் விழும், ஆடி திரும்ப இறங்கும். அந்தக் கமராக்களின் ‘டக்’ சத்தத்தில் பெரும்பங்கு அந்த ஆடியினுடையது. இந்த ஆடியையும் அரியத்தையும் தூக்கிவிட்டு, உணரியில் விழுவதை நேராகவே திரையில் காட்டுகிற கமராதான் மிரர்லெஸ். 2008இல் ஒலிம்பஸும் பனசொனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற, சிறிய உணரியுள்ள கமரா முறையை அறிவித்தன, அதே வருடம் பனசொனிக்கின் ஜி1 கமரா வந்தது, அப்புறம் சோனி, 2018இல் முழுச்சட்ட (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள) உணரியோடு நிக்கோனும் கனனும் என்று ஏறக்குறைய எல்லாரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

சொற்களின் வேர் சுருக்கமாக. மிரர் என்பது லத்தீனில் ‘வியந்து பார்த்தல்’ என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லென்ஸ் என்பது லத்தீனில் பருப்பு; நாங்கள் நாளாந்தம் சோற்றுக்கு அவிக்கிற மைசூர்ப் பருப்பின் இனத்துக்கு இன்றும் தாவரவியற் பெயரில் லென்ஸ் என்றுதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் புடைத்த அந்த வடிவத்தைப் பார்த்து ஒளியியல் அறிஞர்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கமரா என்றால் அறை. அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். தமிழில் கண்ணாடி என்ற சொல் ஒரு பெரிய குடும்பத்துக்கே பொதுப்பெயர். யன்னலில் இருப்பதும் கண்ணாடி, மூக்கில் இருப்பதும் கண்ணாடி, போத்தல் செய்கிற பொருளும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி. பேச்சில் இதனால் ஒரு கரைச்சலும் இல்லை, இடம் பார்த்து விளங்கிக்கொள்வோம். ஆனால் கமராவில் அந்த இடம் பார்க்கிற வசதியே கிடையாது, ஏனென்றால் கமராவின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிதான். வில்லை என்பதே கண்ணாடித் துண்டுகளின் அடுக்கு. திருகோணமலையில் கடலுக்குப் பக்கத்தில் கமரா வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த வருத்தம் பூஞ்சணம்: ஈரக்காற்றில் வில்லையை அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் சில மாதத்தில் உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடும். டச்சு விரிகுடாக் கரையில் பின்னேரம் நின்றால் உப்புப் படலம் முன்வில்லையில் படியும், சேட்டு நுனியால் துடைத்தால் எண்ணெய் பூசின மாதிரி இழுபடும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படமெல்லாம் பால் வார்த்ததுபோல் வெளிறிப்போகும். இதைத் திருத்தக் கொண்டுபோகிறவர் கடையில் என்ன சொல்வார்? ‘கண்ணாடியில் பூஞ்சணம்’ என்று சொல்வார். கமராவின் பெயரோ ‘கண்ணாடியில்லாத கேமரா’! பெயரும் பொருளும் இப்படி ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற இடத்தில் மொழிபெயர்ப்பு நடக்கவில்லை, அகராதியில் முதலாவதாக இருந்த சொல்லை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இதற்கு வருகிற முதல் மறுப்பு எனக்குத் தெரியும். ‘கண்ணாடி என்றால் ஊருக்கு விளங்கும், ஆடி என்றால் யாருக்கு விளங்கும்?’ இலங்கையில் தமிழ்மொழியில் விஞ்ஞானம் படித்த ஒவ்வொருவருக்கும் விளங்கும். தளவாடி, குழிவாடி, குவிவாடி என்று படித்துக் கதிர்ப்படம் கீறாமல் யார் பள்ளிக்கூடம் தாண்டி வந்தார்கள்? தமிழ்நாட்டுப் பாடநூலிலும் ஆடி என்றுதான் இருக்கிறது. பரீட்சை எழுதும்வரை ஆடி, எழுதி முடித்துக் கமரா வாங்கினவுடன் கண்ணாடி என்றால், பத்து வருடம் படித்தது எதற்கு? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. எங்கள் ஆசிரியர்கள் வாயால் நிலைபெற்ற கலைச்சொல் ஒன்று கையில் இருக்க, அதைத் தெரியாதவர்கள்போல் நடப்பது அந்த உழைப்பைக் கீழே போடுவதுதான்.

அது புதிதாகச் செய்த சொல்லும் இல்லை. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், வெளியே பெருமை பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் மனைவி சொன்னபடி ஆடுகிற தலைவனைப் பரத்தை ‘கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல’ என்கிறாள். ஆடிப் பாவை, அதாவது ஆடிக்குள் தெரியும் உருவம். நீ கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். தெறிப்பால் உருவம் காட்டுவது எதுவோ அது ஆடி. எஸ்.எல்.ஆருக்குள் இருக்கிற ஆடி செய்கிற வேலையும் அட்சரம் பிசகாமல் அதுதான். கண்ணாடி என்ற சொல்லுக்குள்ளேயே ஆடி இருக்கிறது, கண்ணை முன்னால் சேர்த்துப் பிறகு பொருளை அகட்டிக்கொண்டோம்.

இரண்டாவது மறுப்பு, ஆடி என்றால் மாதம் நினைவுக்கு வருமே என்பது. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சுகிற வீட்டில் பிறந்தவன்தான் நானும், எனக்கு ஒருநாளும் குழிவாடியோடு கூழ் குழம்பவில்லை. ஒரே ஒலியில் இரண்டு சொல் இருப்பது எந்த மொழியிலும் உண்டு; மாதத்தையும் கமராவையும் யாரும் ஒரே வசனத்தில் தேடப்போவதில்லை. கண்ணாடியின் சிக்கல் வேறு மாதிரி, அங்கே மயங்குகிற இரண்டு பொருளும் ஒரே கமராவுக்குள் நாலு விரற்கடை தூரத்தில் இருக்கின்றன.

மறுகரையில் தூய தமிழ்க்காரர் சிலர் தட்டொளி என்பார்கள். ‘உக்கமும் தட்டொளியும்’ என்று ஆண்டாள் கேட்கிற அந்தத் தட்டொளி அழகான சொல்தான், ஆனால் யாரும் அதைப் படிப்பிலோ பேச்சிலோ பாவிப்பதில்லை, ‘தட்டொளியற்ற’ என்று விளம்பரத்தில் போட்டால் அதற்கு இன்னொரு விளக்கக் கட்டுரை எழுத வேண்டிவரும். பழைய சொல் என்பது மட்டும் ஒரு தகுதி ஆகாது. கமராவைக் கமரா என்றே எழுதுகிறேனே, அதற்கும் இதுதான் காரணம். ஒளிப்படக்கருவி நல்ல சொல், எழுதுகிறவர் எழுதட்டும். ஆனால் கமரா எங்கள் வாயில் ஊறிவிட்டது, ஒருவரையும் பிழையான பக்கம் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதேபோல் மிரர்லெஸ் என்று அப்படியே எழுதுகிறவரோடும் எனக்குச் சண்டை இல்லை. தெரியாதவர் ‘அது என்ன?’ என்று கேட்பார், விளக்கிவிடலாம். ‘கண்ணாடியில்லாத’ என்று வாசித்தவர் கேட்கவே மாட்டார், தனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பிழையோடு போய்விடுவார்.

இன்னொன்று. ஒரு பொருளுக்கு அதில் இல்லாத ஒன்றைக்கொண்டு பெயர் வைத்தால், இல்லாதது எது என்று மிகத் துல்லியமாகச் சொல்லவேண்டும். 1925இல் வந்த முதல் லைக்காக் கமராவிலும் வில்லைக்குப் பின்னால் ஆடி கிடையாது, ஆனால் அதை யாரும் மிரர்லெஸ் என்பதில்லை. பெயர் பிறந்ததே எஸ்.எல்.ஆரோடு ஒப்பிட்டுத்தான். அந்த ஒப்பீடு கைநழுவினால் பெயரில் மிச்சம் ஒன்றும் இல்லை.

சந்தேகம் இருந்தால் இரண்டு கமராக்களின் வில்லையையும் கழற்றிப் பாருங்கள். எஸ்.எல்.ஆரின் வாய்க்குள் சாய்ந்த பளபளப்பில் உங்கள் விரல் தெரியும். மற்றதில் ஆடியும் இல்லை, ஆழமும் இல்லை, விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே நீலமும் ஊதாவும் மின்னுகிற சிறு செவ்வகமாக உணரி பெரும்பாலும் அப்பட்டமாகத் தெரியும், தூசி விழுந்துவிடுமோ என்று மூடியைத் தேடுவீர்கள். (கடற்கரையில் நின்று கழற்றாதீர்கள், காற்றுக்கு முதுகு காட்டியாவது நில்லுங்கள்.) இந்த ஆழக் குறைவுதான் வில்லை மாற்றிப் பார்க்கிறவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். ஆடி மேலும் கீழும் போக இடம் வேண்டும் என்பதால் கனனின் பழைய இ.எஃப். முறையில் வில்லையின் விளிம்புக்கும் உணரிக்கும் இடையே 44 மில்லிமீற்றர், நிக்கோன் எஃப் முறையில் 46.5. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் வெறும் 19.25, சோனியின் இ முறையில் 18. மிச்சமாகிற அந்த இடைவெளிக்குள் ஒரு வளையத்தைச் செருகினால் பழைய வில்லைகள் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும். எம்42 என்ற பழைய திருகு முறை வில்லைக்கு 45.46 வேண்டும், அதில் 19.25 போக 26 மில்லிமீற்றர் சொச்சம் தடித்த ஒரு வெற்று வளையம் போதும், உள்ளே ஒரு கண்ணாடியும் தேவையில்லை.

என்னுடைய சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கமராவில் அப்படித்தான் 58 மி.மீ. ஹீலியோஸ் என்ற பழைய வில்லை ஒன்றைப் போட்டு, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்றிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்களைப் படம்பிடித்துப் பார்த்தேன். வில்லைக்குள் ஒளி நுழைகிற துவாரத்தை முழுக்கத் திறந்து, கையால் வளையத்தைத் திருப்பி, மானின் கண் இமைமயிர் கூராகும் இடத்தில் நிறுத்தினால் காதுமடலே மங்கத் தொடங்கிவிடும். அந்த வில்லைக்குப் பேர்பெற்ற இலைச்சுழல் பின்னணி மட்டும் அவ்வளவாக வராது, காரணம் சுழல் ஓரத்தில்தான் உருவாகும், சிறிய உணரி நடுப்பகுதியை மட்டும் எடுத்து ஓரத்தை வெட்டிவிடும். பார்வைக் கோணமும் முழுச்சட்டக் கமராவில் 116 மி.மீ. வில்லைக்குச் சமமாக ஒடுங்கும். அதே இடத்தில் 14-42 மி.மீ. சூம் வில்லையை மாட்டினால் கோட்டை வாசல் முழுதும் அடங்கும், வெளிச்சம் இறங்கியதும் அது தடுமாறும். அப்போது துவாரம் அகலமாகத் திறக்கிற 20 மி.மீ. எஃப்1.7 வில்லை ஒன்று கை கொடுக்கும், பூசை முடிந்து மலையால் இறங்குகிறவர்களின் முகத்தை அதில்தான் எடுக்கலாம்.

இனி இந்தச் செய்தியை இரண்டு மாதிரி எழுதிப் பாருங்கள். ‘கண்ணாடி இல்லாததால் பழைய கண்ணாடிகளைப் பொருத்தலாம்.’ ‘ஆடி இல்லாததால் பழைய வில்லைகளைப் பொருத்தலாம்.’ முதலாவதில் காரணம் செத்துப்போயிற்று. இரண்டாவது வசனத்தை வாசித்தவர் ஆடி இருந்த இடம் வெறுமையாகி வழி கிடைத்தது என்று தானாகவே பிடித்துக்கொள்வார்.

வில்லை என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. வட்டமாய்ச் சிறிதாய் இருப்பதை வில்லை என்பது பழக்கம், கற்பூர வில்லை, சந்தன வில்லை, சடையில் வைக்கிற வில்லை. பள்ளிக்கூடத்தில் கைவில்லை, குவிவு வில்லை. ‘வில்லை என்றால் இராமன் முறித்த வில்லையா?’ என்று கேட்பவர்களுக்கு, ஆடி மாதக்காரருக்குச் சொன்ன பதிலே பதில். பேசும்போது லென்ஸ் என்றே சொல்கிறேன், எழுதும்போது வில்லை.

கண்ணாடி மட்டும் என்றால் பொறுத்துப் போகலாம், இந்த மொழிபெயர்ப்பாளர்கள் கைவைத்த இடமெல்லாம் இதே கதை. வில்லை கழற்றி மாட்டுகிற கமராவை ‘பரிமாற்றக்கூடிய லென்ஸ் கேமரா’ என்கிறார்கள். பரிமாற்றம் என்றால் இரண்டு பேர் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது, கருத்துப் பரிமாற்றம், கைதிகள் பரிமாற்றம். நான் யாரோடு லென்ஸைப் பரிமாறினேன்? ‘வில்லை மாற்றும் கமரா’ என்றால் முடிந்தது. பிரைம் வில்லையை ‘முதன்மை வில்லை’ என்கிறார்கள், வாங்குகிறவர் அதுதான் முதலில் வாங்கவேண்டியது என்று எண்ணுகிறார். குவியத்தூரம் மாறாத, அதாவது சூம் செய்யாத வில்லை என்பதால் நிலைக்குவிய வில்லை என்று எழுதலாம். ‘வேகமான லென்ஸ்’ என்பது இன்னும் மோசம், தானியங்கிக் குவிப்பு விரைவானது என்றுதான் எவரும் நினைப்பார், உண்மையில் துவாரம் அகலமாகத் திறந்து ஒளியை அதிகம் விடுகிற வில்லை அது. அகல்துவார வில்லை என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள், கமராவைப் பார்ப்பதில்லை. ஒருதரம் கையில் வாங்கிக் கழற்றிப் பார்த்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

கடைசியாக வடிவம். ஆடியற்ற கமரா, ஆடியில்லாக் கமரா இரண்டும் சரி. என் தெரிவு ஆடியிலி. முதுகெலும்பு இல்லாத உயிரிகளை முள்ளந்தண்டிலிகள் என்று உயிரியலில் படித்தோமே, அதே அச்சு. பெயர்ச்சொல்லாகத் தனியே நிற்கும், ஆடியிலிகள் என்று பன்மை ஏற்கும், ‘ஆடியிலிக்கு ஏற்ற நிலைக்குவிய வில்லை’ என்று வேற்றுமையும் சிக்கலில்லாமல் ஏறும். முதல்முறை எழுதும்போது மட்டும் ‘மிரர்லெஸ் எனப்படும் ஆடியிலிக் கமரா’ என்று சேர்த்து எழுதிவிட்டு, பிறகு ஆடியிலி என்றே தொடருங்கள்.