அண்டர்கிரவுண்ட்: நிலக்கீழா, தலைமறைவா, அடியோட்டமா?

திருகோணமலையில் வீட்டு அறைக்குள் மைக்கை வைத்து ராப் பதிவு செய்யும் இளைஞர்கள் பலர் தங்களை ‘அண்டர்கிரவுண்ட்’ என்கிறார்கள். அதே மூச்சில் ‘இண்டிபெண்டன்ட்’ என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. யார் அசல், யார் போலி என்று நடக்கிற சண்டைகளில் பாதி இந்தக் கலப்பில்தான் தொடங்குகிறது.

‘அண்டர்’ கீழே, ‘கிரவுண்ட்’ நிலம். ஆங்கிலத்தில் இச்சொல் ‘மறைவான’ என்ற பொருளையும் பழைய காலத்திலேயே எடுத்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய வலையமைப்பை ‘நிலக்கீழ் இருப்புப்பாதை’ என்றார்கள். அதில் தண்டவாளமும் இல்லை, சுரங்கமும் இல்லை. ஆட்களும் ஒளித்துவைக்க வீடுகளும்தான் இருந்தன. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளை எதிர்த்த இரகசியக் குழுக்களுக்கும் இதே பெயர். 1960களில் அரசையும் பெரிய பத்திரிகைகளையும் சாராத சிறு ஏடுகளுக்கும் படங்களுக்கும் போய், அங்கிருந்து இசைக்கு வந்தது.

ஹிப்ஹாப் பிறந்தபோது இந்த அடைமொழிக்கு வேலையே இருக்கவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸில் டிஜே கூல் ஹேர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தைத்தான் பிறந்தநாளாகச் சொல்வார்கள். அப்போது மேலே ஒன்றும் இல்லை, ஆகவே கீழே என்றும் ஒன்றில்லை. 1979இல் ராப் இசைத்தட்டு பெருமளவில் விற்ற பிறகு கம்பனிகள் வந்தன. 90களில் வானொலியும் தொலைக்காட்சியும் சிலரை மட்டும் திரும்பத் திரும்பப் போட, மற்றவர்கள் ‘அண்டர்கிரவுண்ட்’ ஆனார்கள். கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் 1990 முதல் 1998 வரை நள்ளிரவுக்குப் பின் ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ரோங்கும் பொபிட்டோவும் நடத்திய நிகழ்ச்சி இதற்கு நல்ல சாட்சி. ஒப்பந்தம் கிடைக்காத ராப்பர்கள் அங்கே போய் நேரலையில் பாடினார்கள்.

தமிழில் என்ன சொல்வது? ‘பாதாள இசை’ என்று யாராவது எழுதினால் உடனே அழித்துவிடலாம். இலங்கையில் பாதாளம் என்றால் பாதாள உலகக் குழு. துப்பாக்கிச் சூட்டுச் செய்தியில் வருகிற சொல். சிங்களத்திலும் அதே நிலைதான். ‘தலைமறைவு இசை’ என்பது அகராதிப்படி பிழையில்லை. ஆனால் போர் நடந்த ஊரில் தலைமறைவு என்ற சொல்லை ஒரு பையனின் பெயரோடு ஒட்டுவது விளையாட்டல்ல. ‘நிலத்தடி’ என்றால் நீர் ஞாபகம் வரும், ‘நிலக்கீழ்’ என்றால் வாகனத் தரிப்பிடம். ராப்புக்குச் ‘சொல்லிசை’ என்பது மலேசியாவிலும் தமிழகத்திலும் இங்கும் புழங்கும் நல்ல சொல். மெயின்ஸ்ட்ரீமை ‘மைய ஓட்டம்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அதற்கு எதிர்நிலையாக ‘அடியோட்டம்’ வைத்தால் பொருள் இடறாது. அடியோட்டச் சொல்லிசை. பாட்டின் அடியும் அதற்குள் இருப்பது கூடுதல் இலாபம்.

இண்டிபெண்டன்டுக்குச் ‘சுயாதீனம்’ நம் நாட்டில் ஊன்றிய சொல். (‘சுயேச்சை’ தேர்தலுக்குப் போய்விட்டது.) அடியோட்டம் என்பது கேட்பவர் வட்டத்தையும் பாணியையும் குறிக்கும், சுயாதீனம் உரிமையைக் குறிக்கும். மூலப்பதிவு யாருக்குச் சொந்தம் என்ற ஒரே கேள்விதான் அங்கே. இலட்சம் பேர் கேட்டாலும் உரிமை கையில் இருந்தால் ஒருவர் சுயாதீனர். நாற்பது பேர் மட்டும் கேட்டாலும் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சுயாதீனர் இல்லை.

இங்கே அதிகம் சறுக்குவது பீட்டில், அதாவது ராப் வரிகளுக்குப் பின்னால் ஓடும் இசையில். யூடியூப்பில் ‘ஃப்ரீ’ என்று போட்டிருக்கும் பீட்டை இறக்கி, மேலே பாடி, ஸ்பாட்டிஃபைக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த ‘ஃப்ரீ’ பெரும்பாலும் வருமானம் எடுக்காத பாவனைக்கு மட்டும். ஏற்றிய கணமே நிபந்தனை முறிகிறது. காசு கொடுத்து எடுத்தாலும் மலிவான உரிமம் தனியுரிமை தராது. அதே பீட் இன்னும் பலருக்கு விற்கப்பட்டிருக்கும். அவர்களில் ஒருவர் தன் பாட்டை யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வேறு காணொளிகளில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) பதிந்துவிட்டால், மற்ற எல்லாருடைய காணொளியிலும் உரிமைகோரல் வந்து விழும். அப்போது உரிமப் பத்திரமும் வாங்கிய பற்றுச்சீட்டும் இருந்தால்தான் மறுக்க முடியும். பீட்டை வாடகைக்கு எடுத்தவருக்கு வரியும் குரலும் சொந்தம், இசை சொந்தமில்லை. அரைச் சுயாதீனம் என்பதே சரி.

இனி ‘அசல்’. ஆங்கிலத்தின் ‘ஒதென்டிக்’ கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல் ‘தானே செய்பவர்’ என்ற பொருள் உடையது. நாம் சொல்லும் அசல் அரபு வழி வந்தது, பொருள் வேர். இரண்டையும் சேர்த்தால் சோதனை தெளிவாகிறது: நீ எழுதினாயா, உன் ஊரிலிருந்து எழுதினாயா? தமிழ்ச் சினிமாவில் எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். அதில் யாருக்கும் குறையில்லை. ராப்பில் பிறர் எழுதிய வரியைத் தன்னுடையதென்று பாடுவதுதான் பெரிய குற்றம். வறுமையும் துப்பாக்கியும் பாடினால்தான் அசல் என்பது இறக்குமதிச் சரக்கு. திருகோணமலை உவர்மலையில் வசதியாக வளர்ந்தவர் டியூஷன் வகுப்பைப் பாடினாலும் அசல்தான்.

போலி முதலில் காதில் பிடிபடுவது வினைமுற்றில். வீட்டில் ‘போறன், வாறன்’ என்று பேசுகிறவர் மைக் முன்னால் ‘போறேன், வர்றேன், கெத்து, மாஸ்’ என்று சென்னைக்கு மாறிவிடுவார். இது உணர்ச்சிப் பிரச்சினை மட்டுமல்ல, தாளப் பிரச்சினையும்கூட. ‘றன்’ குறில், சட்டென்று அறுந்து நிற்கும். ‘றேன்’ நெடில், இழுபடும். ‘போறன்’ என்பதற்குத் ‘திறன்’ இயைபாகும், அதாவது கடைசி ஒலி ஒன்றும். ‘போறேன்’ என்பதற்கு ஆகாது.

ஒரு பார் என்பது நான்கு தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் 16 பார் ஏறத்தாழ 43 விநாடி. தமிழின் அளவடிக்கும் நான்கு சீர்:

வாடைக் காத்து மூஞ்சியில அடிக்குது
வள்ளம் எல்லாம் கரையில கிடக்குது

இரண்டாம், நான்காம் சீர்களில் ஸ்னேர் (டிரம்ஸின் கூர்மையான அடி) விழும். ‘வா–வ’ மோனை, ‘அடிக்குது–கிடக்குது’ இயைபு. ராப்பின் ரைமை எதுகை என்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் ஒன்றுவது, கடைசியில் ஒன்றுவது இயைபு. நான்கு சீருக்குள் ஆறேழு சொல்லைத் திணித்தால் வேகம் வரும், ஆனால் மூச்சு மூன்றாவது பாரிலேயே முடியும். அதைப் பதிவில் வெட்டி ஒட்டி மறைத்தவர்கள் மேடையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

‘ஃப்ரீஸ்டைல்’ பற்றியும் ஒரு வார்த்தை. 80களில் அது குறிப்பிட்ட கருப்பொருள் எதுவும் இல்லாமல், திறமை காட்ட எழுதிவைத்த வரிகளையே குறித்தது. நின்ற நிலையில் கட்டிப் பாடுவது என்ற பொருள் பிறகு வந்தது. அந்தப் பிந்தைய பொருளுக்கு நம்மிடம் ஆசுகவி இருக்கிறது. எழுதி மனப்பாடம் செய்ததை ஆசுகவி என்று காணொளித் தலைப்பில் போடக்கூடாது.

காணொளியின் கீழே நான்கு விவரம் இருந்தால் போதும்: வரி யார், குரல் யார், பீட் யாருடையது, எந்த உரிமத்தில். வரிக்கும் குரலுக்கும் ஒரே பெயர் என்றால் அதை இரண்டு முறையும் எழுதுங்கள்.