நூற்றில் தொண்ணூறு பேர் வாயை மூடினாலும்

மெக்சிகோ ஆடும் கால்பந்து ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பர் கோல் கிக் அடிக்கத் தயாரானால் கேலரியிலிருந்து 'ஏஏஏ' என்று ஒரு சத்தம் கிளம்பும். அவர் ஓடிவர ஓடிவர அது ஏறிக்கொண்டே போகும். பந்தில் கால் படும் கணத்தில் கூட்டம் மொத்தமாக ஒரு சொல்லைக் கத்தும். தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் ஸ்பானிய வசை அது.

இத்தனை ஆயிரம் பேர் எப்படிப் பிசகாமல் ஒன்றாகக் கத்துகிறார்கள்? பாட்டாக இருந்தால் இது நடக்காது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இந்தப் பக்கம் பாடுவது 170 மீட்டர் தள்ளி இருக்கும் எதிர்க் கேலரிக்குப் போய்ச் சேர அரை நொடி ஆகும். நொடிக்கு இரண்டு தட்டு விழும் பாட்டில் அது முழுசாக ஒரு தட்டு தாமதம். ஜெர்மனியில் இதைச் சமாளிக்க மெகாஃபோனோடு ஒருவர் கூட்டத்தைப் பார்த்து நின்று கையசைத்துப் பாடவைப்பார். (பாவம், ஆட்டம் நடப்பது அவருடைய முதுகுக்குப் பின்னால்.) மெக்சிகோ ரசிகர்களுக்கு அப்படி ஆளே வேண்டாம். கோல்கீப்பரின் ஓட்டத்தைப் பார்த்தே உதை எப்போது விழும் என்று ஒவ்வொருவர் மூளையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. ஒளிக்குத் தாமதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆக, தலைவன் என்று பிடித்து வெளியேற்றவும் யாரும் இல்லை.

கூட்டத்தில் சேர்ந்தால் மனிதனுக்குப் புத்தி மழுங்கிவிடும் என்று 1895-இல் பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ பான் எழுதினார். அப்படியானால் சொந்த கோல்கீப்பர் உதைக்கும்போது மட்டும் இதே கூட்டம் ஏன் கத்துவதில்லை? ஸ்டீபன் ரைஷர் போன்ற பிற்கால உளவியலாளர்கள் சொல்வதுதான் இங்கே பொருந்துகிறது: கூட்டத்தில் 'நான்' கொஞ்சம் பின்னால் போய் 'நாங்கள்' முன்னால் வருகிறது. அந்த 'நாங்கள்' எதற்குச் சரி சொல்கிறதோ அதைத்தான் ஆள் செய்கிறான்.

ஃபிஃபா 2014 உலகக்கோப்பையின்போது இதை விசாரித்து, அந்தச் சூழலில் அவமதிப்பு இல்லை என்று விட்டுவிட்டது. அப்புறம்தான் அபராதம் மேல் அபராதம். 2021-இல் ரசிகர்களை உள்ளே விடாமல் ஆட்டம் நடந்தது. 2023 ஜூனில் லாஸ் வேகாஸில் அமெரிக்காவுடன் நடந்த நேஷன்ஸ் லீக் அரையிறுதியை நடுவர் இந்தக் கத்தலால் நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருமே திருந்தவில்லை என்று சொல்லிவிட முடியாது. காதை நம்பினால் அப்படித்தான் தோன்றும். பாதிப் பேர் நிறுத்திவிட்டால் ஒலி குறைவது 3 டெசிபல்தான். கேட்பவருக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம். பத்தில் ஒன்பது பேர் நிறுத்தினால் 10 டெசிபல் குறையும். அப்போதும் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோலத்தான் இருக்கும். நிறுத்திய ஒன்பது பேருக்கும் மற்ற எட்டுப் பேர் நிறுத்தியது தெரியாது. 'எல்லாரும் கத்துகிறார்களே, நாம் மட்டும் ஏன்' என்று அடுத்த கோல் கிக்கில் அவர்களில் சிலர் மறுபடி சேர்ந்துகொள்வார்கள். ஆட்டத்தை முதலில் சற்று நிறுத்துவது, பிறகு கொஞ்ச நேரம் இடைநிறுத்துவது, கடைசியில் கைவிடுவது என்ற ஃபிஃபாவின் மூன்று படி முறையிலும் நடுவர் காதில் விழுவதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார். கேலரியைப் படம் பிடித்து எத்தனை வாய் மூடியிருக்கிறது என்று எண்ணி, அந்தக் கணக்கை மைதானத்தின் பெரிய திரையில் ரசிகர்களுக்குக் காட்டிப் பார்க்கலாம்; அபராதத்தைவிட அது மலிவு.