பிளஸ் டூ முடிந்ததும் போய்விடாதீர்கள்

சென்னை காசிமேடு மீனவப் பகுதியில் மாலை வகுப்பு எடுக்க ஆர்வத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மே, ஜூன் மாதங்களில் ஊரில் இருப்பீர்களா?" என்பதுதான். நான் பள்ளியில் கணித ஆசிரியை. ஒன்பது ஆண்டுகளாக இங்கே தன்னார்வலர். எங்கள் பிள்ளைகள் தேர்வில் தோற்பதைவிட, தேர்வுக்கும் கல்லூரிக்கும் நடுவே காணாமல் போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். படகில் பங்குக்குப் போகிற அப்பாவுக்கும், ஏலத்தில் எடுத்துக் கூடையில் விற்கிற அம்மாவுக்கும் கை வறண்டிருக்கும். விண்ணப்பம், சான்றிதழ், சேர்க்கை என்று செலவு வரிசைகட்டுவதும் அதே வாரங்களில்தான். தேர்வு முடிந்த கையோடு பெண் பிள்ளைகள் எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். ரிசல்ட் வருவதற்குள் முதல் சம்பளம் வீடு சேர்ந்திருக்கும். அந்தப் பணத்துக்கு வீடு பழகிவிட்டால் கல்லூரிப் பேச்சை எடுப்பதே பாடு.

சென்ற ஆண்டு ஒரு மாணவி. பொறியியல் படிக்க ஆசை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு; அதில் இடம் கிடைத்தால் கல்வி, விடுதிக் கட்டணங்கள் அரசின் பொறுப்பு. இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அந்த ஒதுக்கீடு கிடையாது. இரண்டும் ஒன்று என்றே பெற்றோர் நினைத்திருந்தார்கள். ஆகவே கல்விக் கட்டணச் சலுகை பெற்றுத்தரும் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் அவளுக்கு உயிர்நாடி. இ-சேவை மையத்தில் கொடுத்த விண்ணப்பம் திருப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் அப்பா பெயர் முருகேசன், ரேஷன் கார்டில் முருகேசு. அந்தக் குறுஞ்செய்தியை எட்டு நாட்கள் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தாள். "நான்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று பயந்துவிட்டேன், மிஸ்" என்றாள். மூன்று முறை தாலுகா அலுவலகத்துக்கு அவளோடு போனேன். மூன்றாவது முறைதான் வேலை முடிந்தது.

அந்த எட்டு நாட்கள் இன்னும் என்னை உறுத்துகின்றன. அவளுக்குத் திரிகோணமிதி சொல்லிக்கொடுத்த நான், வாரம் ஒரு முறை போன் செய்து, "என்னம்மா ஆயிற்று?" என்று கேட்டிருக்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலுக்கு உச்சவரம்பு இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் கேள்விப்பட்ட ஐந்தாறு கல்லூரிகளோடு நிறுத்திவிட்டு, எதுவும் கிடைக்காமல் நிற்கிறார்கள். ஒரு மாலை முழுக்கப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கல்லூரிக்கு எந்த பஸ், திரும்ப எத்தனை மணியாகும் என்று அம்மாவையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமலே கிண்டியில் இறங்கலாம் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பெண்ணின் அம்மா முகம் தெளிந்தது.

சேர்ந்த பிறகும் முதல் பருவம் முடியும்வரை விட்டுவிடாதீர்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கில வகுப்பு புரியாமல், கேட்கவும் கூச்சமாகி, ஒரு நாள் போகாமல் நின்றுவிடும்.

இந்த முறை சான்றிதழ்களை ஜனவரியிலேயே சரிபார்க்கத் தொடங்கிவிட்டோம். பிரித்த முதல் மூன்று கோப்புகளில் இரண்டில் அப்பாவின் பெயர் ஒத்துப்போகவில்லை.