இழுவைப் பீரங்கி: சொல்லும் பொருளும்

டெல்லித் தமிழர் வீடுகளில் ஒரே ஆயுதத்துக்கு இரண்டு மூன்று பெயர் புழங்கும். இந்திச் செய்தியில் அது ‘தோப்’. ஆங்கிலச் செய்தியில் ‘கன்’. ஊரிலிருந்து பெரியம்மா போனில் கேட்கும்போது ‘பீரங்கி’. 2022 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் 21 குண்டு மரியாதைக்கு முதல் தடவையாக உள்நாட்டில் உருவான பெரிய பீரங்கியும் முழங்கியது. அது எப்படி இருக்கும் என்று ஆர்.கே.புரம் குடியிருப்பில் நாலு பேரைக் கேட்டால், இரண்டு பேராவது சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் டாங்கியைத்தான் கையால் வரைந்து காட்டுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோட்டை மதிலில் துருப்பிடித்துக் கிடப்பதும் பீரங்கி, டாங்கியும் ‘பீரங்கி வண்டி’, ராஜஸ்தான் பாலைவனத்துப் பொக்ரானில் சோதனை நடப்பதும் பீரங்கி என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

செங்கோட்டையில் முழங்கியது டாங்கி அல்ல, இழுவைப் பீரங்கி. அந்தப் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் பீரங்கி. ஐரோப்பாவின் ஒரு கூட்டத்தாருக்கு ஃப்ராங்க் என்று பெயர். அரபிகளும் பாரசீகர்களும் அந்தப் பெயரை மேற்கத்தியர் எல்லோருக்கும் பொதுவாக்கி ‘ஃபரங்கி’, ‘ஃபிரங்கி’ என்றார்கள். 1498-இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகு அந்தப் பெயர் இங்கே அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. தமிழில் ஆளைக் குறிக்கப் பறங்கி என்று ஆனது. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆள் கொண்டுவந்த ஆயுதம் பீரங்கி ஆனது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘ஃபிரங்கி’ என்றால் இன்றும் பீரங்கிதான். மராத்தியர் மட்டும் ஐரோப்பிய அலகு பொருத்திய வாளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

டெல்லிக்காரர்கள் இதை வெறும் தெற்கத்திச் சொல் என்று ஒதுக்க முடியாது. 1526-இல் பானிபட்டில் நடந்த போரைப் பற்றி பாபர் தன் நினைவுக் குறிப்பில் எழுதும்போது, தன் பீரங்கி நிபுணர் உஸ்தாத் அலி குலி ‘ஃபிரங்கி’களால் சுட்டதாகச் சொல்கிறார். டெல்லிக்கு வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர் அது. பின்னால் இந்தியில் துருக்கிய மூலமுள்ள ‘தோப்’ நிலைத்துவிட்டது. ஃபிரங்கி அங்கே வெள்ளைக்காரனை மட்டும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. ஆக, சுதேசி ஆயுதத்தை நாம் அந்நியன் பெயரால் அழைக்கிறோம். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நானூறு வருஷத்துக்கு மேல் நாவில் புரண்ட சொல்லை இனி வெளியே அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது ‘இழுவை’. பெரிய பீரங்கிகளில் இரண்டு வகை உண்டு. தனக்கென்று எஞ்சினும் கவசமும் சங்கிலிச் சக்கரமும் கொண்டு தானே போவது ஒன்று. குஜராத்தின் ஹசீராவில் தயாராகும் கே-9 வஜ்ரா அப்படிப்பட்டது. லாரியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போக வேண்டியது இன்னொன்று. ஸ்வீடனிடம் வாங்கிய போஃபர்ஸ், தனுஷ், அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகம் பாரத் ஃபோர்ஜ், டாட்டா நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய ஏ.டி.ஏ.ஜி.எஸ். (மேம்பட்ட இழுவைப் பீரங்கி அமைப்பு) எல்லாம் இந்த இரண்டாம் வகை. செங்கோட்டையில் முழங்கியது ஏ.டி.ஏ.ஜி.எஸ்.தான். 2025 மார்ச்சில் சுமார் 6,900 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டபோது, பீரங்கியோடு அதை இழுக்கும் ஆறு சக்கர வண்டிகளையும் சேர்த்தே வாங்கினார்கள். இழுக்க வண்டி இல்லாவிட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

முழுக்க நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போஃபர்ஸிலும் ஏ.டி.ஏ.ஜி.எஸ்.ஸிலும் சிறு துணை எஞ்சின் உண்டு. சுட்டதும் எதிரி இடத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அடிப்பதற்குள் கொஞ்சம் நகர்ந்துகொள்ள அது உதவும். இருந்தாலும் நெடுந்தூரம் போக இழுவை வண்டிதான். வஜ்ராவைச் சில நாளிதழ்கள் ‘தானியங்கி பீரங்கி’ என்று எழுதுகின்றன. அது தப்பு. ஆள் இல்லாமல் தானே குறிபார்த்துச் சுடுமோ என்று நினைக்க வைக்கும். ‘தானே நகரும் பீரங்கி’ என்றால் போதும்.

ஏ.டி.ஏ.ஜி.எஸ். பற்றிய செய்திகளில் வரும் 155 மி.மீ., 52 காலிபர் என்ற எண்களும் பலரைத் தடுமாற வைக்கும். 155 என்பது குழலின் உள்விட்டம். 52 தனி அளவு அல்ல, மடங்கு: உள்விட்டத்தைப் போல் 52 மடங்கு குழலின் நீளம், அதாவது ஏறக்குறைய 8 மீட்டர். போஃபர்ஸ் 39 மடங்கு, அதாவது 6 மீட்டர். அதன் வடிவமைப்பிலிருந்து ஜபல்பூரில் வளர்த்தெடுத்த தனுஷ் 45 மடங்கு, கிட்டத்தட்ட 7 மீட்டர். குழல் நீள நீள, வெடிப்பு வாயு குண்டை அதிக நேரம் தள்ளும்; குண்டு வேகமாகக் கிளம்பி எட்டப் போகும். ஆகவே ‘52 மடங்குக் குழல்’ என்றே தமிழில் எழுதலாம்.

ஆங்கிலச் செய்திகளில் இந்தப் பீரங்கிகளுக்கு ‘ஹவிட்சர்’ என்றும் பெயர் வரும். அது செக் மொழியின் ‘ஹௌஃப்னித்சே’யிலிருந்து ஜெர்மன் வழியாக வந்த சொல். ‘ஹௌஃப்’ என்றால் கூட்டம். கூட்டத்தை நோக்கிச் சுடுவது என்பதால் வந்த பெயர். குண்டை மேல்நோக்கி வளைவாக எறிந்து மலைக்குப் பின்னால் இருப்பவனையும் தாக்குவது அதன் குணம். இன்றைய 155 மி.மீ. பீரங்கி நேராகவும் சுடும், வளைத்தும் சுடும் என்பதால் தனிச்சொல் தேடி மெனக்கெட வேண்டியதில்லை.

நான் சண்டை போடுவது, பீரங்கியைச் சோதிப்பதற்குச் செய்திகளில் எழுதும் ‘சோதனை ஓட்டம்’ என்ற சொல்லோடுதான். மெட்ரோ ரயிலுக்கு அது சரி. பீரங்கி எங்கே ஓடுகிறது? ‘வெள்ளோட்டம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அழகான சொல்தான், ஆனால் புதுத் தேரையோ படகையோ முதல் தடவை ஓட்டிப் பார்க்கும் மங்கல நிகழ்ச்சி அது. ராணுவம் செய்வது தேர்வு, அதுவும் பெயிலாக்கத் தயங்காத தேர்வு. ஒடிசாவின் பாலசோரில் சுடுவது முதற்கட்டம், அங்கே குழல் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். அதைச் ‘சுடுசோதனை’ எனலாம். அப்புறம்தான் களம். தனுஷைக் குளிர்காலத்தில் சிக்கிமுக்கும் லேவுக்கும், கோடையில் பொக்ரானுக்கும் கொண்டுபோனார்கள். காரணம் இருக்கிறது. வெயிலில் உந்துமருந்து வேகமாக எரிந்து குழலுக்குள் அழுத்தம் ஏறும், குண்டு தள்ளி விழும். கடுங்குளிரில் எரிவது மந்தமாகும், எண்ணெயும் கெட்டிப்படும். மலை உச்சியில் காற்று மெலிந்திருப்பதால் அதே குண்டு இன்னும் தூரம் போகும். இவ்வளவையும் அளந்து கணக்கில் சேர்த்தால்தான் குறி தப்பாது. ஏ.டி.ஏ.ஜி.எஸ். 2017 செப்டம்பரில் பொக்ரானில் 47 கிலோமீட்டரைத் தாண்டிச் சுட்டது. 2020 செப்டம்பரில் அதே பொக்ரானில் சுடும்போது குழல் வெடித்து நான்கு பேர் காயமடைந்தார்கள். 2022 கோடையில் மீண்டும் அங்கே தேர்வு எழுதியது. இதை வெள்ளோட்டம் என்று எப்படிச் சொல்வது? ‘களச் சோதனை’தான் சரி, வாங்கப்போகும் ராணுவமே நடத்துவதைப் ‘பயனர் சோதனை’ என்று பிரித்துச் சொல்லலாம்.

பீரங்கிக்கே தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் சிலப்பதிகாரத்தின் மதுரை மதிலில் இருந்த ‘கல்லுமிழ் கவண்’ வரை போகிறார்கள். அது வெடிமருந்து இல்லாத கருவி, பொருந்தாது. இணையத்தில் சிலர் எழுதும் ‘சேணேவி’ எனக்குப் பிடித்திருக்கிறது. சேண் என்றால் தொலைவு, தொலைவுக்கு ஏவுவது சேணேவி. ஆனால் அதைத் தனி ஆயுதத்துக்கு வைக்காமல், இந்தியில் ‘தோப்கானா’ என்கிற அந்தப் படைப்பிரிவுக்கு வைத்துக்கொள்ளலாம்: சேணேவிப் படை. அந்தப் படையிடம் இருப்பவை இழுவைப் பீரங்கியும் தானே நகரும் பீரங்கியும். டாங்கி வேறு படையுடையது, அதற்குப் பீரங்கிப் பெயரே வேண்டாம்.